மணந்து பாத்தவளோ?

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. கம்பஸ் கன்ரீனில் பதினொன்றரைக்கு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க மச்சாளிடமிருந்து வீடியோ கோல் வந்தது. ஸ்காபரோவில் அப்போது இரவு ஒரு மணி. அந்த நேரத்தில் அவள் எடுக்கிறாள் என்றால் ஒன்றில் காதல் பிரச்சினை, இல்லாவிட்டால் பயறு. இந்த முறை பயறு.

பயறு ஒரு சுகர் கிளைடர். தமிழில் 'பறக்கும் அணில்' என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் பிழை. பறக்கும் அணில் எங்கட நாட்டுக் காடுகளிலேயே இரண்டு இனம் இருக்குது. அவை உண்மையான அணில்கள். சுகர் கிளைடருக்கும் அணிலுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. அது அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து மிருகம், கங்காருவுக்குத் தூரத்து உறவு. முன்காலிலிருந்து பின்கால் வரைக்கும் ஒரு தோல் மடிப்பு இருக்கும், அதை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் மிதந்து போகும். வளர்ந்த பெண் ஒன்று 100, 120 கிராம் வரும், ஒரு சவர்க்காரக் கட்டி அவ்வளவுதான். பகல் முழுக்க நித்திரை, இரவு முழுக்கக் கூத்து. கோபம் வந்தால் சின்ன கிரைண்டர் ஒன்று ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

ரொறொன்ரோ நகரத்தில் வீட்டில் வளர்க்கக்கூடாத மிருகங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கங்காரு மாதிரி வயிற்றில் பை உள்ள மிருகங்கள் எல்லாம் அதில் வருகின்றன. கூண்டிலேயே பிறந்து பெருகி வந்த சுகர் கிளைடருக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கின் வழியாகத்தான் பயறும், அவளுடைய துணை உளுந்தும் மாமா வீட்டு பேஸ்மென்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தனியாக வளர்த்தால் ஏங்கிப் போகுமாம், அதனால் இரண்டு. உளுந்தின் உச்சந்தலையில் ஒரு சொட்டை இருக்கும். அது வருத்தம் இல்லை, ஆணுக்கு மணம் சுரக்கிற இடம். மாமிக்கு இரண்டும் எலிதான்.

50 மீற்றர் மிதக்கக்கூடிய ஒரு மிருகத்தை பேஸ்மென்டில் வைத்திருப்பது சரியா என்று நானும் மச்சாளும் பலமுறை சண்டை பிடித்திருக்கிறோம். இன்னும் முடியவில்லை. இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை.

பெண் கிளைடரின் வயிற்றின் நடுவில் ஒரு பை இருக்கிறது. வெளியே பார்த்தால் பை என்றே தெரியாது. தொப்புள் மாதிரி ஒரு சின்னக் கீறல். மச்சாள் முதல் மாதம் முழுக்க அதைத் தொப்புள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாலு முலைக்காம்பு. வயிற்றில் குட்டி இருக்கிற காலம் வெறும் 15, 17 நாள். பிறக்கிற குட்டி ஒரு அரிசி மணி அளவு, கண்ணும் வராது காதும் வராது. அது தானாகவே தாயின் மயிரைப் பிடித்துத் தவழ்ந்து, அந்தக் கீறலுக்குள் போய், ஒரு காம்பை வாயால் பிடிக்கும். காம்பு அதன் வாய்க்குள் ஊதி இறுகிவிடும். பிறகு கிட்டத்தட்ட 70 நாள் அங்கேதான். யாராவது அந்த நேரத்தில் குட்டியைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேருக்கும் காயம்.

'பை' என்று எழுத எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, சந்தைக்குக் கொண்டுபோகிற சாமான் போல. அம்மம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவ யோசிக்காமலே "மடி எண்டு சொல்லன்" எண்டா. பிள்ளையை இருத்துறதும் மடி, ஆடு பால் வைத்திருக்கிறதும் மடி, அவ காசை முடிஞ்சு வைத்திருக்கிறதும் மடி. ஆகவே இனி மடி.

நவம்பரில் பயறின் மடியில் இரண்டு பக்கமும் கச்சான் கொட்டை அளவில் புடைப்பு வந்தது. மச்சாள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் படம் போட்டாள். அம்மா மூன்று இதயம் போட்டா, மாமி ஒன்றும் போடவில்லை. டிசம்பரில் ஒரு பக்கத்துப் புடைப்பு சின்னதாகிவிட்டது. குட்டிகள் உள்ளே இடம் மாறிவிட்டன என்று மச்சாள் நினைத்தாள். புதுவருசம் கழிய ஒரு குட்டி வெளியே வந்தது. ஒன்றுதான். மற்றது ஒரு நாள் இரண்டு நாள் பிந்தி வரும் என்று காத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள் காட்டினது இதைத்தான். பயறை மல்லாத்திப் பிடித்து, நக்குவதற்கு ஒரு சொட்டு யோகட் கொடுத்து, வயிற்று மயிரை விலக்கி, "இஞ்ச பாரடி, மடியில ஒண்டு தொங்குது" என்றாள். திரை முழுக்க பிங்க் நிறத்தில் ஈரமான ஏதோ ஒன்று. எனக்குப் பின் மேசையில் எங்கட பற்ச் பெடியள் நாலு பேர். நான் போனை நெஞ்சோடு சேர்த்துத் திருப்பிவிட்டேன். "பேந்து பாக்கிறன், படம் அனுப்பு." அவள் அனுப்பினாள். அதையும் நான் பெருப்பித்துப் பார்க்கவில்லை. ஒரு மிருகத்தின் வயிறு. அதைப் பார்க்க நான் வெட்கப்பட்டேன் என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பின்னேர லெக்சரில் பின்வாங்கில் இருந்து பத்து நிமிடம் தேடினேன். குட்டி வெளியே வந்த பிறகு, அது 70 நாளாகச் சப்பி இழுத்திருந்த காம்பு நீண்டு மடிக்கு வெளியே தொங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று இருந்தது. "நோர்மல்தானாம், பயப்படாத" என்று எழுதி ஒரு இதயமும் போட்டேன். அவளுக்கு நிம்மதி. எனக்கும்.

நான் வாசித்தது பொய் இல்லை. நீண்ட காம்பு உண்மையிலேயே சாதாரணம். மெல்லிய நூல் முனை மாதிரி, வெளிறின பிங்க் நிறத்தில், உலர்வாக இருக்கும். சில நாளில் தானாகச் சுருங்கி உள்ளே போகும். தாய் அதைக் கணக்கெடுக்காமல் தன்பாட்டில் ஓடித் திரியும். நான் செய்யாதது, அந்தப் படம் இதோடு பொருந்துகிறதா என்று பார்த்தது. பொருந்தவில்லை. காம்பைச் சுற்றியிருந்த தோல் சிவந்திருந்தது. கீறலின் ஓரத்து மயிர் நனைந்து ஒட்டிப்போய், மஞ்சளும் மண்ணிறமுமாகக் காய்ந்திருந்தது. இன்றைக்கும் அந்தப் படம் என்னுடைய போனில் இருக்கிறது. இப்போது பார்த்தால் ஒரு வினாடியில் தெரிகிறது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். பொழுதுபட்ட நேரம், அம்மம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தா. புதினமாகத்தான் சொன்னேன், மச்சாளின் எலி குட்டி போட்டிருக்கு, மடியில் காம்பு தொங்குதாம், அது நோர்மலாம் என்று. மச்சாளுக்கு அவ அப்பம்மா. கனடாவில் பேத்தி எலி வளர்ப்பது அவவுக்கு ஏற்கெனவே பெரிய பகிடி. ஆனால் சிரிக்கவில்லை.

"மணந்து பாத்தவளோ?"

நான் முழித்தேன்.

"மடி சூடோ? ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கோ? குட்டியைக் கிட்ட விடுதோ, உதைக்குதோ?"

அவவுக்குச் சுகர் கிளைடரைத் தெரியாது. ஆட்டைத் தெரியும். மடிநோய் வந்த ஆடு குட்டியைப் பால் குடிக்க விடாது, பின்காலை அகட்டி நடக்கும், ஒரு பக்க மடி சூடேறி இறுகும், பால் திரி திரியாய் வரும். எங்கட வீட்டில் சிவப்பி என்று ஒரு ஆடு நின்றது. அம்மம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு கிழமை நாங்கள்தான் பால் கறந்தோம். சிவப்பி உதைத்தாள், நாங்கள் குழப்படி என்று நினைத்து ஏசினோம். அவ திரும்பி வந்து கை வைத்துப் பார்த்தபோது பாதி மடி போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பால் வரவே இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விசயம்தான். ஆனால் ஆட்டின் மடியையும் இதையும் நான் ஒன்றாக நினைத்துப் பார்க்கவில்லை.

மச்சாளுக்கு எடுத்தேன். அங்கே காலை எட்டரை. நித்திரை முறியாத குரலில் எழும்பிப் போய், பயறைக் கூட்டிலிருந்து எடுத்து, மூக்கருகில் பிடித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓம். மணக்குது. பழுதாப்போன பால் மாதிரி. நாலைஞ்சு நாளா மணந்தது, நான் கூடு எண்டு நினைச்சன். துணியெல்லாம் ரெண்டு தரம் தோச்சனான்."

கிளைடருக்கு இயல்பாகவே ஒரு மணம் உண்டு, ஆண் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூட. அதனால்தான் அவள் ஏமாந்தாள். ஆனால் நல்ல மடி நாறாது. அது உலர்வாக, வெளிறின பிங்காக இருக்கும். மடி மணக்கத் தொடங்கினால் உள்ளே பக்ரீரியாவோ பங்கசோ வளருகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நான் வியாழக்கிழமை கேட்டிருக்க வேண்டிய ஒரேயொரு கேள்வி அது. வீடியோ கோலில் எல்லாம் வரும், மணமும் சூடும் மட்டும் வராது. அதைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் வாயால் கேட்க வேண்டும்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. பயறு எந்நேரமும் குனிந்து மடியை நக்கிக்கொண்டே இருந்தது. குட்டியைச் சுத்தம் செய்கிறது என்று இவள் நினைத்தாள். மல்லாத்திப் பிடித்தால் முன்பெல்லாம் சும்மா கிடக்கும், இப்போது அந்தச் சத்தம் போட்டுக் கடிக்க வருகிறது. இரவில் சில்லில் ஓடுவதில்லை. மடியின் ஒரு பக்கத்தில் விரல் வைத்தால் பட்டாணிக் கடலை மாதிரி ஒரு இறுக்கம். கடைசியாகச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். டிசம்பரில் 118 கிராம் இருந்தது 104 ஆகிவிட்டது. 14 கிராம் எங்களுக்கு மூன்று தேக்கரண்டி சீனி. அவளுடைய உடம்பில் அது எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட. 55 கிலோ உள்ள நான் ஒரு மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை என்பதால் டொக்டர் தேடுவதே பெரும்பாடாகப் போனது. முதலில் எடுத்த இரண்டு இடத்திலும் நாய், பூனை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடம் நகரத்தின் மற்ற முனையில். வெளியே மைனஸ் 14. மச்சாள் பயறையும் குட்டியையும் ஒரு துணிப்பையில் போட்டு, ஜக்கெற்றுக்கு உள்ளே கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ்ஸில் இருந்து எனக்கு மெசேஜ்: "அப்பம்மா வேற என்ன சொன்னவ?"

அம்மம்மா வேறும் சொன்னவதான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொன்னா. நானும் அப்படியே அனுப்பினேன். நல்ல காலம், பூசுவதற்கு முதல் டொக்டரிடம் கேட்டாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டாராம். கிளைடர் மடிக்குள் போடுகிற எதையும் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். களிம்பும் அப்படித்தான். பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைப்பது இன்னும் மோசம், அந்தத் தோல் அவ்வளவு மெல்லிசு. சிலவேளை மடியின் உட்பக்கமே பிரண்டு வெளியே வந்துவிடுமாம். அப்போதும் விரலால் உள்ளே தள்ளக்கூடாது, காய்ந்து போகாமல் சேலைன் தண்ணீரால் நனைத்த துணியை வைத்துக்கொண்டு அப்படியே ஓடி வர வேண்டும் என்று சொன்னாராம்.

விழித்திருக்கிற கிளைடர் மடியைத் திறந்து பார்க்க விடாது. காற்றில் மயக்கமருந்து கொடுத்து, அரை விரல் அளவு மாஸ்க் வைத்து நித்திரையாக்கினார்கள். உள்ளே இருந்து ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பக்ரீரியாவும் இருந்தது, ஈஸ்ட் பங்கசும் இருந்தது. ஒரு காம்பின் பால் சுரப்பி வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. இளஞ்சூட்டுச் சேலைனால் கழுவி, வீட்டில் கொடுக்க இரண்டு மருந்தும் நோவுக்கு ஒரு மருந்தும், ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்சில். பிறகு பழைய எக்ஸ்ரே தாளை வட்டமாக வெட்டிக் கழுத்தில் ஒரு கொலர். நோ தாங்க முடியாமல் போனால் இந்த மிருகங்கள் தங்கள் உடம்பைத் தாங்களே கடித்துக் குதறிவிடும், மடி வருத்தத்தில் அதுதான் பெரிய பயம் என்றாராம்.

கடைசியில் டொக்டர் கேட்டது: "ரெண்டு குட்டி எண்டு சொன்னீங்கள், மற்றது எப்ப வெளிய வந்தது?"

வரவில்லை. டிசம்பரில் புடைப்பு சின்னதானபோதே அது செத்திருக்கும், தாயே எடுத்து அகற்றியிருக்கும். செத்த குட்டியைத் தாய் தின்றுவிடுவதும் உண்டு. கூட்டில் ஒரு அடையாளமும் இருக்காது. ஒரு குட்டி காணாமல் போனது முதல் அறிகுறி. நாங்கள் அதற்கு இதயம் போட்ட படத்தோடு நின்றுவிட்டோம்.

பில் 740 டொலர். மச்சாள் சனி ஞாயிறில் ஒரு கோப்பிக் கடையில் நிற்கிறவள். பாதியை மாமா கொடுத்தார். "எலிக்கு எழுநூறு டொலரோ, ஊரில ஒரு பட்டி ஆடு வாங்கலாம்" என்று மாமி கத்தினது எங்களுக்கு ஸ்பீக்கரில் கேட்டது.

ஆனால் குட்டிக்கு இரவில் எழும்பினது மாமிதான். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. குட்டிக்கு இன்னும் கண் திறக்கவில்லை. நாய்க்குட்டிகளுக்கு விற்கிற பால்மாவைக் கரைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். மச்சாளுக்குப் பரீட்சை. முதல் இரவு அவள் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். எழும்பிப் பார்த்தால் மாமி சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருக்கிறா. "குடிக்குது" எண்டு மட்டும் சொன்னாவாம். அதற்குப் பிறகு இரவு முறை முழுக்க மாமியுடையது. எனக்கும் பகலில் கோல் எடுத்து, "பிள்ளை, அம்மாட்டைக் கேள், ஆட்டுக்குட்டிக்குப் பால் புரைக்கேறினா என்ன செய்யிறது எண்டு" என்று கேட்டா. அம்மம்மாவும் மாமியும் நேராகக் கதைத்துப் பல வருசம். அந்த ஐந்து நாளும் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

ஐந்தாம் நாள் விடியப்புறம் குட்டி மாமியின் கையில் செத்தது. வெளியே நிலம் உறைந்து கிடந்தது, கிண்ட முடியாது. குளிருக்கு வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்த கறிவேப்பிலைச் சாடிக்குள் மாமி அதைத் தாட்டா. கறிவேப்பிலையை இப்போது அந்தச் சாடியில் பிடுங்குவதில்லை, தமிழ்க் கடையில் காசுக்கு வாங்குகிறார்களாம்.

பயறு தப்பிவிட்டாள். பத்து நாள் கொலரோடு கூட்டில் முட்டி முட்டித் திரிந்தாள். மருந்து முடிய இரண்டாம் தரம் கொண்டுபோய்க் காட்டி, மடி சுத்தம் என்று சொன்ன பிறகுதான் மச்சாள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். உளுந்துக்கு ஒப்பரேசன் செய்தாச்சு, இனிக் குட்டி இல்லை.

இரண்டு நாள் முந்திப் போயிருந்தால் குட்டி தப்பியிருக்குமா என்று நான் மச்சாளிடம் ஒருமுறை கேட்டேன். "நீ என்ன டொக்டரோ? நான்தானே பக்கத்தில இருந்தனான்" என்றாள். அது மன்னிப்பா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. 'நோர்மல்தானாம், பயப்படாத' என்று நான் அனுப்பினது, அந்த இதயத்தோடு, இன்னும் எங்கட சற்றில் கிடக்கிறது. மேலே போய்த் தேடினால் வரும். அழிக்கவில்லை.

ஒன்லைனில் சுகர் கிளைடர் வீடியோக்கள் எக்கச்சக்கம். மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தடவுவார்கள், அது கண்ணை மூடும், கீழே ஆயிரம் பேர் உருகுவார்கள். அந்த வயிற்றின் நடுவில் இருக்கிற கீறலை ஒருவரும் காட்டி நான் பார்க்கவில்லை. நானும் கன்ரீனில் போனைத் திருப்பினவள்தான்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவளுடைய பின்னேரம், உளுந்தும் பயறும் எழும்புகிற நேரத்தில், தராசு, பிறகு வயிற்றில் விரல், பிறகு மூக்கு. சிலவேளை அந்த நேரத்தில் எனக்குக் கோல் இருக்கும், இங்கே திங்கள் விடிஞ்சிருக்காது. போன கிழமையும் அப்படித்தான். போனை மேசையில் வைத்துவிட்டாள், எனக்கு பேஸ்மென்ட் கூரை மட்டும் தெரிந்தது. "119" என்றாள். பிறகு மூச்சு இழுக்கிற சத்தம். "ஒண்டும் இல்ல."

மேல்மாடியிலிருந்து மாமியின் குரல் கேட்டது. "வடிவா மணந்தனியோ?"